வாசகர் கேள்வி – பதில்: அறுவை செய்த பக்கத்துக் கையால் துடுப்பு வலிக்கலாமா?

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்தபோது அக்குளில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். அந்தக் கைக்கு வேலை கொடுக்காதே என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். தோழியோ டிராகன் படகுக்கு (பலர் சேர்ந்து துடுப்பு வலிக்கும் நீண்ட பந்தயப் படகு) கூப்பிடுகிறாள். கை வீங்கிவிடாதா?

ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொல்லிவந்தார்கள். முடிச்சுகளை எடுத்தால் நிணநீர் வடியும் வழி குறைகிறது, கையை வருத்தினால் அது தேங்கிவிடும் என்பது கணக்கு. இதைச் சோதிக்க, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்ஸி 1996-இல் வான்கூவரில் 24 பெண்களை டிராகன் படகில் ஏற்றினார். தோளும் கையும் ஓயாமல் உழைக்கும் விளையாட்டு என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். யாருக்கும் புதிதாகக் கைவீக்கம் வரவில்லை. தசை சுருங்கி விரியும்போது நிணநீரையும் சேர்த்துத் தள்ளுகிறது. சும்மா தொங்கும் கைக்கு அந்த உதவி கிடைப்பதில்லை.

ஆனால் அவர்கள் எடுத்த எடுப்பில் படகில் ஏறிவிடவில்லை. முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் தயாரானார்கள். நீங்களும் அறுவை மருத்துவரின் சம்மதம் வாங்கி, கை தலைக்கு மேலே தடையின்றி உயர்கிறதா என்று பார்த்து, லேசான எடைகளில் சில வாரம் பழகிய பிறகு ஏறுங்கள். எலும்புக்குப் பரவியவர்களும், சிகிச்சையால் இதயம் பலவீனமானவர்களும் தனியாகக் கேட்டே தீர வேண்டும். மருந்து ஏற்றுவதற்காகப் புஜத்து ரத்தக்குழாயில் செருகிய பிக் லைன் குழாய் இருந்தால் அது எடுக்கப்படும்வரை தண்ணீர்ப் பக்கம் வேண்டாம்.

கேள்வி: மூன்று வாரமாகப் போகிறேன். முடிந்ததும் புஜமும் தோளும் தெறிக்கின்றன. முதுகில் ஒன்றுமே தெரியவில்லை. நல்லதுதானே?

நேர்மாறு. களைப்பு முதுகிலும் விலாவிலும் தொடையிலும் தெரிய வேண்டும். நீங்கள் கையால் மட்டும் இழுக்கிறீர்கள். துடுப்பு ‘வலிப்பது’ என்ற நம் சொல்லை உங்கள் தோள் வேறு பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டது.

இப்படிச் செய்து பாருங்கள். வெளிப்பக்க இடுப்பு படகின் விளிம்பை ஒட்டியிருக்கட்டும். அந்தப் பக்கத்துக் கால் முன்னே நீண்டு எதிரே மிதித்திருக்கட்டும். கீழ்க்கை, துடுப்பின் அலகுக்கு (தண்ணீரில் இறங்கும் தட்டைப் பகுதி) ஒரு கையகலம் மேலே. மேல்கை பிடியின் உச்சியில், விளிம்புக்கு வெளியே, தண்ணீருக்கு நேர் மேலே. இடுப்பிலிருந்து உடலைத் திருப்புங்கள். வெளித்தோள் முன்னே போகும், மார்பு பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கும். அலகு முழுவதும் தண்ணீருக்குள் மறைந்த பிறகே இழுப்பு. காலால் மிதித்து, திருப்பிய உடலை அவிழ்த்து விடுங்கள். கீழ்க்கை ஏறக்குறைய நீண்டபடியே இருக்கும், வெறும் கொக்கி மாதிரி. தொடையின் நடுப்பகுதிக்கு வந்ததும் துடுப்பை வெளியே எடுத்துவிடுங்கள்.

பலரும் கெடுப்பது இந்தக் கடைசி இடத்தில்தான். இடுப்பைத் தாண்டி இழுத்தால் அலகு தண்ணீரை மேலே அள்ளும். படகு அமிழும், வேகம் குறையும், முழங்கை பின்னே போய்த் தோளின் முன்பக்கம் நெரிபடும். அடுத்த தவறு, அலகு பாதி மூழ்கும்போதே இழுப்பது: தண்ணீர் சிதறும், படகு நகராது, அந்த ஏமாற்றத்தில் கை இன்னும் முரட்டுத்தனமாக இழுக்கும்.

துடுப்பின் நீளத்தையும் பாருங்கள். பந்தயத் துடுப்புகள் 105 முதல் 130 செ.மீ. வரை இருக்கும். உங்கள் உயரத்துக்கு மீறியது கிடைத்தால் மேல்கை தலைக்கு மேல் போய்விடும். அறுவைக்குப் பின் இறுகிய தோள் நோக அதுவே போதும்.

கேள்வி: எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

வலப்பக்கம் உட்கார்ந்தால் வலக்கை கீழே, இடக்கை மேலே. தோள் முழுதாக உயராதவர்கள் தொடக்கத்தில் அறுவை செய்த கை கீழே வரும் பக்கத்தில் அமரலாம். கை பழகியதும் இரு பக்கமும் மாறி மாறி வலியுங்கள். எப்போதும் ஒரே பக்கம் என்றால் முதுகு கோணும். படகோட்டி ‘உன் பக்கம்தான் பலம்’ என்று தட்டிக்கொடுத்தாலும் மசிய வேண்டாம்.

கேள்வி: கம்ப்ரஷன் ஸ்லீவ் (வீக்கத்தைக் கட்டுப்படுத்தக் கையை இறுக்கிப் பிடிக்கும் உறை) கட்டாயமா? எந்த அறிகுறிக்குப் பயப்பட வேண்டும்?

ஏற்கெனவே வீக்கம் இருப்பவர்கள், பயிற்சியின்போது போடச் சொல்லப்பட்டிருந்தால் போடுங்கள். அளவெடுத்து வாங்கியதாக இருக்கட்டும். மேல்விளிம்பைச் சுருட்டி விடாதீர்கள், அந்த இடம் கயிறு கட்டினாற்போல் இறுகும். உயிர்காப்பு உடுப்பு அக்குளில் உரசாமல் இருக்க உள்ளே நீண்ட கைச் சட்டை நல்லது.

மணிக்கட்டு, முன்கை, புஜம் மூன்றையும் மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். மறு கையோடு ஒப்பிட்டால் ஆரம்பத்தில் இருந்த வித்தியாசம் கூடுகிறதா, மோதிரம் இறுகுகிறதா, கை பாரமாகத் தோன்றி மறுநாளும் இறங்கவில்லையா? பயிற்சியைக் குறைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது தொற்று. அன்றைக்கே போக வேண்டும். துடுப்புப் பிடியால் வரும் கொப்புளம் மற்றவர்களுக்குச் சின்ன விஷயம், உங்களுக்கு அதுவே கிருமி நுழையும் வாசல். மெல்லிய கையுறை போடுங்கள்.

கேள்வி: எனக்குப் புற்றுநோய் இல்லை, மனைவிக்குத்தான். நானும் சேரலாமா?

பெரிய படகில் வலிப்பவர்கள் 20 பேர், முன்னே முரசு அடிப்பவர் ஒருவர், பின்னே சுக்கான் பிடிப்பவர் ஒருவர். பயிற்சி நாட்களில் ஆதரவாளர்களை வலிக்க விடும் அணிகள் உண்டு. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கான பந்தயத்தில் அந்த 20 இடங்களும் அவர்களுடையவை; மற்ற இரண்டு இடங்களுக்கு அந்தந்தப் போட்டியின் விதியைப் பாருங்கள். நான் சொல்வேன், சுக்கான் பழகுங்கள். நல்ல சுக்கான்காரர் கிடைக்காவிட்டால் பயிற்சியையே ரத்து செய்ய வேண்டிவரும். ஏறும்போது இரு பக்கமும் எடை சமமா, கனமானவர்கள் நடுவரிசைகளில் இருக்கிறார்களா என்று பார்ப்பதும் உங்கள் வேலையாகலாம்.

கேள்வி: நீச்சல் தெரியாது. படகு கவிழ்ந்தால்?

உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் ஏறாதீர்கள். கவிழ்ந்தால் முதலில் உங்கள் வரிசைத் துணையைத் தேடுங்கள். கிடைத்ததும் இருவரும் படகைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரை பக்கத்தில் தெரிந்தாலும் நீந்திப் போக வேண்டாம், கவிழ்ந்த படகும் மிதக்கும். முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எண் சொல்ல வேண்டும். யாருடைய எண் விடுபடுகிறது என்பது உடனே தெரிந்துவிடும். கரையிலேயே இதை ஒத்திகை பார்க்காத அணியில், எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும், சேராதீர்கள்.