‘ஆஃப்லைன்’ என்று காட்டினால் சுவிட்சைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரே கன்ட்ரோலரின் (எல்லாவற்றையும் மையமாக நிர்வகிக்கும் கருவி) கீழ் 60 வைஃபை ஆக்சஸ் பாயின்ட்கள் (வைஃபை சிக்னல் தரும் பெட்டிகள்) உள்ளன. அவற்றில் மூன்று பல நாட்களாக ஆஃப்லைனில் கிடந்தது, நெட் மெதுவாக இருக்கிறது என்று ஒருவர் புகார் சொன்ன பிறகுதான் தெரிந்தது. உடனே கண்டுபிடிக்க என்ன வழி?

பதில்: ஒன்று அணைந்தால் போன்கள் தாமாகவே பக்கத்தில் இருப்பதற்குத் தாவிவிடும். வேகம்தான் குறையும், இணைப்பு அறாது. அதனால் புகார் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

ஆஃப்லைன் என்றால் கருவி செத்துவிட்டது என்று பொருள் இல்லை. கன்ட்ரோலருக்கு அதன் குரல் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேப்வாப் (கன்ட்ரோலரும் ஆக்சஸ் பாயின்ட்டும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) முறையில் ஆக்சஸ் பாயின்ட் யு.டி.பி. 5246 என்ற எண்ணுள்ள மென்பொருள் போர்ட் வழியாக ‘இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இயல்பான இடைவெளி 30 விநாடி. கருவி எரிந்துபோனாலும், நடுவில் யாராவது அந்தப் போர்ட்டை அடைத்தாலும் திரையில் அதே சிவப்புதான்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருமுறை ஏணி போட்டு ஏறி, கூரையில் இருந்ததைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டினேன். அதுவும் வரவில்லை. முந்தைய இரவு ஃபயர்வாலில் சேர்த்த ஒரு விதி 5246-ஐ மறித்திருந்தது. பிங் (கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது!

அன்றிலிருந்து, நெட்வொர்க் கேபிள் வழியாகவே ஆக்சஸ் பாயின்ட்டுக்கு இணைப்பும் மின்சாரமும் தரும் சுவிட்சைத்தான் முதலில் பார்க்கிறேன். சுவிட்சில் அந்தக் கேபிள் சொருகிய போர்ட் டவுன் (இணைப்பு இல்லை) என்றால் கேபிள், மின்சாரம், கருவி மூன்றில் ஒன்று. போர்ட் அப்பில் இருந்து, மின்சாரமும் இழுத்து, எல்.எல்.டி.பி. (இணைந்த கருவிகள் தம் பெயரைச் சுவிட்சுக்குச் சொல்லும் முறை) பட்டியலில் பெயரும் இருந்தால் கருவி உயிரோடு இருக்கிறது, ஐ.பி. முகவரி, விலேன் (நெட்வொர்க்கின் தனிப்பிரிவு), ஃபயர்வால், காலாவதியான டிஜிட்டல் சான்றிதழ் என்று தேடுங்கள். பழைய எல்.எல்.டி.பி. பதிவு வழக்கமாக 120 விநாடி வரை நிற்கும், அதனால் இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மின்சாரம் இழுக்கிறது, பெயர் மட்டும் இல்லை என்றால் பெரும்பாலும் பூட் ஆகாமல் சிக்கியிருக்கும். சுவிட்சிலிருந்தே அந்தப் போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தால் போதும், ஏணி வேண்டாம்.

சரி, அலாரம்? கன்ட்ரோலர், சுவிட்ச் இரண்டிலும் எஸ்.என்.எம்.பி. ட்ராப் (கோளாறு வந்ததும் கருவி தானே அனுப்பும் எச்சரிக்கை) போடுங்கள். ட்ராப் வழியில் தொலையக்கூடும். ஆகவே 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிலையைக் கேட்டு, உங்கள் கைவசப் பட்டியலோடு ஒப்பிடவும் செய்யுங்கள். மேக் முகவரி (கருவியின் அடையாள எண்), சுவிட்ச், போர்ட், மாட்டிய இடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சில கன்ட்ரோலர்கள் வராத கருவியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடும். சிவப்பே தெரியாது, 60 என்பது 57 ஆகியிருக்கும்.

அப்புறம், உங்கள் மூன்றும் ஒரே சுவிட்சில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அதன் பி.ஓ.இ. (கேபிள் வழி மின்சாரம்) மொத்த வாட்டைக் கணக்கிடுங்கள். போர்ட்டுக்கு 30 வாட் ஒதுக்கினால், 370 வாட் சுவிட்ச் 12 கருவிகளுக்குத்தான் தாங்கும்.