பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர்ல டைப்-சி மியூசிக் பிளேயரை சொருவுனா சார்ஜ் மட்டும் ஏறுது, பாட்டு ஏற மாட்டேங்குது. அடாப்டர் ஏதாச்சும் வாங்கணுமா?

அடாப்டர் வாங்காதீங்க ப்ரோ, காசு தண்டம். நீங்க கேள்வியில போட்டிருக்கறது இதான்: மாமா வீட்ல 2002 வாக்குல வாங்குன பென்டியம் 4, அதுல விண்டோஸ் எக்ஸ்பி, கேசட்டுலேர்ந்து அவரே உக்காந்து ஏத்துன பாட்டு முழுக்க அதுக்குள்ள, நீங்க ஆசையா வாங்கி குடுத்த பிளேயர்ல டைப்-சி ஓட்டை, உள்ள 64 ஜிபி மெமரி கார்டு. சார்ஜ் ஏறுதுல்ல? அப்ப பின்னு பொருந்திடுச்சு, கரண்டும் போவுது. இனிமே எத்தன அடாப்டர் மாட்டுனாலும் அதே கரண்டுதான் போவும். இதுல பின்னோட ஷேப்பு ஒரு மேட்டரே இல்ல, சொருவுனதுக்கு அப்புறம் ரெண்டும் எந்த முறையில பேசிக்குது, கார்டு எந்த ஃபார்மேட்ல (ஃபைல உள்ள அடுக்கி வைக்கற முறை) இருக்கு, போர்ட்டு எவ்ளோ ஸ்பீடு, இதுலதான் எல்லாமே மாட்டும்.

நான் கடலூர், திருப்பாப்புலியூர்ல எங்க பெரியப்பா வீட்லயும் கிட்டத்தட்ட இதே செட்டுதான். அவருக்கு புது லேப்டாப் வாங்கி தர்றேன்னா "அது எதுக்குடா, இது ஓடுதில்ல"ன்னுவாரு. அதனால அந்த மெஷின இன்னிக்கு வரைக்கும் ஓட்டிக்கினு இருக்கேன்.

மொதல்ல வயர மாத்தி பாருங்க. டேட்டா போகணும்னா வயருக்குள்ள குறைஞ்சது நாலு கம்பி இருக்கணும், ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு டேட்டாக்கு. லாரன்ஸ் ரோட்டு பிளாட்பாரத்துல, பாண்டி சண்டே மார்க்கெட்ல கொத்தா தொங்குற வயர்ல நிறைய வெறும் சார்ஜ் வயர், டேட்டா கம்பியே கிடையாது. அதே வயர்ல உங்க ஃபோன வேற யாராச்சும் லேப்டாப்ல மாட்டி ஃபைல் தெரியுதான்னு பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். இன்னொண்ணு, ஒரு பக்கம் சாதா யூஎஸ்பி இன்னொரு பக்கம் டைப்-சி இருக்கற வயர்ல உள்ள 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு இருக்கணும்னு ரூலு, "இது சாதா போர்ட்டு, நிறைய இழுக்காத"ன்னு பிளேயருக்கு சொல்றது அதான். மட்டமான வயர்ல 10 கிலோ ஓம் போட்டு வச்சிருப்பான், அது 3 ஆம்பியர் தாங்குற சார்ஜர்னு பொய் சொல்லும், ஆனா பழைய மதர்போர்டு போர்ட்டு தரவேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான். பிளேயரோட பெட்டியில வந்த வயர தொலைக்காதீங்க, அவ்ளோதான்.

சொருவறது கேபினெட்டுக்கு பின்னாடி இருக்கற போர்ட்ல சொருவுங்க, முன்னாடி இருக்கறது உள்ள ஒரு நீள வயர்ல தொங்கிக்கினு இருக்கும். நம்ம ஊரு கடக்காத்துக்கு அந்த பின்னெல்லாம் பச்ச பூத்துப் போயிருக்கும், கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி பிளக்க புடுங்கிட்டு ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல தொடச்சி காயவிட்டா பாதி வியாதி போயிடும்.

வயர் சரியா இருந்தும் டிரைவ் வரலன்னா பிளேயர் செட்டிங்ஸ்ல யூஎஸ்பி மோடுன்னு ஒண்ணு இருக்கான்னு தேடுங்க. பிளேயரும் கம்ப்யூட்டரும் பேசிக்கற முறைதான் அது, எம்டிபி, எம்எஸ்சின்னு ரெண்டு இருக்கும், சிலதுல மாஸ் ஸ்டோரேஜ்னே போட்டிருக்கும். எம்எஸ்சி வச்சா பென்டிரைவ் மாதிரியே மை கம்ப்யூட்டர்ல வந்து நிக்கும், எக்ஸ்பிக்கு தனியா டிரைவரே வேணாம். விண்டோஸ் 98 வச்சிருக்கறவங்களுக்கு அதுக்கும் தனி டிரைவர் வேணும், அது வேற கதை. எம்டிபின்னா எக்ஸ்பி முழிக்கும், டிவைஸ் மேனேஜர்ல மஞ்ச கலர்ல கேள்விக்குறி போட்டுட்டு உக்காந்துக்கும், அதுக்கு விண்டோஸ் மீடியா பிளேயர் 10 இல்ல 11 போடணும், அது கூடத்தான் எம்டிபிக்கு வேண்டியதெல்லாம் வரும். உங்க பிளேயர் ஆண்ட்ராய்டுல ஓடறதா இருந்தா எம்எஸ்சி ஆப்ஷன் பெரும்பாலும் இருக்காது, நேரா மாட்டணும்னா அந்த மீடியா பிளேயர்தான் வழி. அத பென்டிரைவ்ல எடுத்துட்டு வந்து போடுங்க, அந்த மெஷின நெட்ல மாட்டாதீங்க, எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோட அப்டேட் நின்னு போச்சு.

இப்ப மெயின் மேட்டர், இத கொஞ்சம் கவனமா படிங்க. 32 ஜிபி வரைக்கும் கார்டு ஃபேட்32 ஃபார்மேட்ல வரும், 64 ஜிபியும் அதுக்கு மேலயும் எக்ஸ்ஃபேட். எக்ஸ்பி வந்தது 2001ல, எக்ஸ்ஃபேட்டெல்லாம் அதுக்கு அப்புறம் பொறந்தது, அதனால கார்ட எக்ஸ்பிக்கு படிக்கவே தெரியாது. தெரியலன்னு சொன்னாக்கூட பரவாயில்ல, "டிஸ்க் ஃபார்மேட் பண்ணல, இப்ப பண்ணட்டுமா"ன்னு கேக்கும். மாமா மாதிரி ஆளுங்க கம்ப்யூட்டர் கேக்குதேன்னு எஸ் அமுக்கிடுவாங்க, கார்டுல ஏற்கெனவே இருந்த பாட்டெல்லாம் காலி. அவருகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, அந்த பெட்டி வந்தா நோ மட்டும்தான்னு. எக்ஸ்பிக்கு எக்ஸ்ஃபேட் கத்து குடுக்க மைக்ரோசாஃப்ட்டே ஒரு அப்டேட் விட்டிருந்தான், கேபி955704ன்னு நம்பரு, எக்ஸ்பியில சர்வீஸ் பேக் (அப்டேட்டெல்லாம் மொத்தமா சேத்து விட்டது) 2 இல்ல 3 இருந்தா போடலாம். ஆனா என்ன கேட்டா அதுக்கு அலையாம, காலி கார்ட யாராச்சும் புது லேப்டாப்ல வச்சு ஃபேட்32 ஆக்கிடுங்க. விண்டோஸோட சொந்த ஃபார்மேட் பெட்டி 32 ஜிபிக்கு மேல ஃபேட்32ன்னு ரொம்ப காலமா காட்டவே காட்டாது, அதுக்குன்னு guiformatனு சின்ன ஓசி புரோகிராம் இருக்கு, அத ஓட்டுனா முடிஞ்சுது. 64 ஜிபி கார்டு ஃபேட்32ல இருந்தா பெரும்பாலான பிளேயர் படிச்சிடும். ஒரு ஃபைலு 4 ஜிபிக்கு மேல போகக்கூடாதுன்றது மட்டும்தான் அதுல குறை, எந்த பாட்டுய்யா 4 ஜிபி இருக்கு. எக்ஸ்பி கேக்குதுன்னு என்டிஎஃப்எஸ்ங்கற விண்டோஸ் ஃபார்மேட்டா மட்டும் ஆக்கிடாதீங்க, நிறைய பிளேயர் அத தொடவே தொடாது.

இதெல்லாம் தாண்டி பாட்டு ஏற ஆரம்பிச்சா அடுத்து ஸ்பீடு. 2002 மெஷின்னா ரெண்டுங்கெட்டான் வருஷம். யூஎஸ்பி 2.0 ஸ்டாண்டர்டு 2000லயே வந்தாலும் இன்டெல் அத மதர்போர்டு சிப்செட்டுக்குள்ள கொண்டாந்தது 2002ல ஐசிஹெச்4ங்கற சிப்புல, அதுக்கு முந்தின போர்டு எல்லாம் 1.1. 2.0 செகண்டுக்கு 480 மெகாபிட், 1.1 வெறும் 12. 12 மெகாபிட்டுன்னா காகிதத்துல ஒன்றரை எம்பி, நெசத்துல 1 எம்பி வந்தா பெருசு. எம்பி3 பாட்டு நாலஞ்சு செகண்டுல போயிடும், அது தெரியாது. ஆனா மாமா கேசட்ட சுருக்காம வேவ் ஃபைலா ஏத்தியிருந்தா நிமிஷத்துக்கு 10 எம்பி, ஒரு மணி நேர கேசட்டுக்கு 600 எம்பி, அது ஒண்ணு ஏறவே பத்து நிமிஷத்துக்கு மேல. 30 ஜிபி இருந்தா ராத்திரி போட்டுட்டு தூங்கப் போக வேண்டியதுதான், நடுவுல கரண்டு போனா பாதியில நின்ன ஃபைல மறுபடி ஏத்தணும். டிவைஸ் மேனேஜர்ல யூஎஸ்பி லிஸ்ட்ல "என்ஹான்ஸ்டு"ன்னு ஒரு வரி இருந்தா 2.0, இல்லன்னா 1.1. இல்லாதவங்க மதர்போர்டோட பிசிஐ ஸ்லாட்ல மாட்டுற யூஎஸ்பி 2.0 கார்டு ஒண்ணு பழைய சாமான் கடையில கெடைச்சா வாங்கி போடுங்க, எக்ஸ்பியில சர்வீஸ் பேக் 1 இருந்தாலே எடுத்துக்கும். பழைய லேப்டாப்பா இருந்தா பக்கவாட்டு கார்ட்பஸ் ஸ்லாட்ல சொருவற மாதிரி வரும்.

இந்த தலவலி நமக்கு மட்டும் வந்ததுன்னு நெனைக்காதீங்க. 2001ல ஆப்பிள் விட்ட மொத ஐபாட்ல ஃபயர்வயர்ன்ற வேற மாதிரி வேகமான போர்ட்டு மட்டும்தான், 2003ல யூஎஸ்பியும் சேத்தான், 2005ல வந்த ஐபாட் நானோவுலயும் வீடியோ ஐபாட்லயும் ஃபயர்வயர்ல பாட்டே ஏறாது, சார்ஜ் மட்டும்தான். அப்ப ஃபயர்வயரும் யூஎஸ்பி 1.1ம் மட்டும் இருந்த பழைய ஜி4 மேக் வச்சிருந்தவன் கதிய யோசிங்க, வேகமான போர்ட்டு கையில இருந்தும் ஆமை போர்ட்லதான் ஏத்தணும். அவன் புலம்புனதும் இதேதான், "சார்ஜ் ஏறுது பாட்டு ஏறல".

என் வழி என்னன்னா, பிளேயர கம்ப்யூட்டர்ல மாட்டவே மாட்டேன். கார்ட வெளிய எடுத்து ஒரு யூஎஸ்பி கார்டு ரீடர்ல போட்டு ஏத்திட்டு திரும்ப பிளேயர்ல சொருவிடுவேன், எம்டிபி தொல்லையும் இல்ல, பிளேயர் பேட்டரியும் வீணாவாது. ரீடர் மட்டும் புதுசா இருக்கணும், 2 ஜிபி கார்டு காலத்து ரீடர் பெரிய கார்ட கண்டுக்கவே கண்டுக்காது. ஸ்பீடு அதே போர்ட்டு ஸ்பீடுதான், அத மறந்துடாதீங்க.

காசு செலவு பண்ணியே தீருவேன்னா ஐடிஇ (பழைய ஹார்ட் டிஸ்கோட அகல பின்னு) டு யூஎஸ்பி கன்வெர்ட்டர் ஒண்ணு வாங்குங்க, கூட தனி பவர் அடாப்டர் வர்றதா பாத்து, ஏன்னா டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்குக்கு 12 வோல்ட்டும் வேணும். அந்த டிஸ்க கழட்டி புது லேப்டாப்ல மாட்டி மொத்த பாட்டையும் ஒரு காப்பி எடுத்துடுங்க. பிளேயர்ல ஏத்தறதுக்கு முன்னாடியே பண்ண வேண்டிய வேலை இது, இருபது வருஷம் தாண்டுன டிஸ்கு என்னிக்கு வேணா மூச்ச நிறுத்தும். 2011 டிசம்பர் 30ல அடிச்ச "தானே" புயலுக்கு அப்புறம் எங்க பக்கம் நாள் கணக்கா கரண்டு இல்ல, திரும்ப வந்தப்ப பெரியப்பா மெஷின் ஆன் ஆவுமான்னு வீடே நின்னு பாத்துச்சு. ஆச்சு. ஆனா அன்னிக்கே காப்பி எடுத்து வச்சிட்டேன்.

ஏத்தி முடிச்சதும் உடனே புடுங்காதீங்க, காப்பி பெட்டி மறைஞ்சாலும் பின்னாடி எழுதிக்கினு இருக்கும், கீழ மூலையில சேஃப்லி ரிமூவ் குடுத்துட்டு எடுங்க. அப்புறம் சின்ன பிளேயர் சிலது பேர் வரிசையில பாடாது, கார்டுல எந்த வரிசையில காப்பி ஆச்சோ அப்படியேதான் பாடும், அதனால ஃபோல்டர் ஃபோல்டரா வரிசையா ஏத்துங்க. தமிழ்ல பேர் வச்ச ஃபைல் கட்டம் கட்டமா தெரிஞ்சா அது பிளேயர்ல தமிழ் ஃபான்ட் இல்லாததால, பாட்டுக்கு ஒண்ணும் ஆவல. அப்படி இருந்தா மட்டும் ஃபோல்டர் பேர இங்கிலீஷ்ல மாத்திக்குங்க. பிளேயர் எந்த மாடல்னு கீழ போடுங்க, எம்எஸ்சி இருக்கான்னு பாத்து சொல்றேன்.