வாசல் பலகையில் வைஃபை கடவுச்சொல்

கேள்வி: தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு மாடி அறைகள் இரண்டை ராமேசுவரம் வரும் யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். வைஃபை கடவுச்சொல் என் கைப்பேசி எண்தான். ரூட்டர் அமைப்பில் டபிள்யூஇபி, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்று பல பாதுகாப்பு முறைகள் இருக்கின்றன. எதை வைப்பது? நெட்வொர்க்கின் பெயரை மறைத்தாலே போதும் என்கிறார் இணைப்பு கொடுத்தவர். சரியா?

பதில்: டபிள்யூபிஏ3 வையுங்கள். பழைய கைப்பேசிகள் இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2, 3 இரண்டும் கலந்த தேர்வு. அதுவும் இல்லாவிட்டால் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறை உள்ள டபிள்யூபிஏ2. டபிள்யூஇபி 2001-லேயே உடைபட்டது. அந்தப் பக்கமே போகாதீர்கள். பெயரை மறைப்பதில் பயனில்லை. உங்கள் கைப்பேசி இணையும்போதெல்லாம் அந்தப் பெயர் காற்றில் வெளிப்படத்தான் செய்யும்.

எனக்குக் கவலை தருவது உங்கள் கடவுச்சொல். டபிள்யூபிஏ2-இல் ஒரு கைப்பேசி இணையும் தருணத்தைப் பக்கத்துத் தெருவிலிருந்தே பதிவு செய்துகொண்டு, தன் வீட்டில் உட்கார்ந்து ஒருவர் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கலாம். ரூட்டருக்குத் தெரியவே தெரியாது. நம் கைப்பேசி எண்களைப்போல 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. கிராபிக்ஸ் கார்டு வினாடிக்கு ஐந்து லட்சம் எண்களைச் சோதிப்பதாக வைத்தாலும் இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். டபிள்யூபிஏ3 இந்த வழியை அடைக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் திருடனுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. ‘அறை வாடகைக்கு’ என்று வாசலில் பலகை மாட்டியிருப்பீர்களே, அதில் இருப்பதும் இதே எண்தானே?

ஒன்றுக்கொன்று ஒட்டாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள்: முரல், திண்ணை, எலுமிச்சை, தபால் என்பதுபோல. (இதையே வைத்துவிடாதீர்கள்.) 63 எழுத்து வரை இடமுண்டு. ‘தனுஷ்கோடி1964’ வேண்டாம், உங்கள் தீவில் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

விருந்தினருக்குக் கெஸ்ட் நெட்வொர்க்கைத் தனிக் கடவுச்சொல்லுடன் திறந்துவிடுங்கள். வீட்டுக் கேமராவும் கணினியும் அவர்கள் கண்ணில் படாது. ஆடி, தை அமாவாசைக் கூட்டம் கலைந்ததும் அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

கடவுச்சொல்லுக்குப் பதில் ஒரு பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைய உதவும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை ரூட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011-இல் தெரியவந்தது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

ரூட்டரை மட்டும் வாடகை அறையில் வைக்காதீர்கள். பின்புறமுள்ள சிறு துளையில் குண்டூசியை விட்டு அழுத்தினால், நீங்கள் செய்தவை அனைத்தும் அழிந்து பழைய நிலைக்குப் போய்விடும்.