கேள்வி பதில்: ஆல்டாலா கேனிசாரோவா, ஒரே குழப்பம்

கேள்வி: அக்கா, மெடிக்கல் என்ட்ரன்ஸுக்கு படிச்சிட்டு இருக்கேன். பயாலஜி ஓகே, பிசிக்ஸும் எப்படியோ ஓட்டிடுறேன், ஆனா ஆர்கானிக் கெமிஸ்ட்ரிய தொறந்தாலே தூக்கம் வருது. ஆல்டால், கேனிசாரோன்னு தனிப்பேர் வச்ச ரியாக்ஷன் (நேம் ரியாக்ஷன்) எல்லாத்தையும் சார்ட்ல எழுதி சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன், ரெண்டே நாள்ல மறந்துடுது. போன டெஸ்ட்ல ஆல்டால் வரவேண்டிய எடத்துல கேனிசாரோ போட்டுட்டு வந்தேன். எப்படித்தான் மனப்பாடம் பண்றது?

பதில்: குழம்புனதுல தப்பே இல்ல தம்பி, ரெண்டுலயும் ஒரு ஆல்டிஹைடும் கொஞ்சம் காரமும், அதாவது பேஸும்தானே, சார்ட்ல பாத்தா ரெட்டைப்பிள்ளைங்க மாதிரிதான் இருக்கும். சார்ட்ட விட்டுட்டு, காரம் உள்ள வந்து மொதல்ல என்ன தேடும்னு யோசிச்சுப் பாரு. கார்பனைலுக்கு (ஆல்டிஹைடுல இருக்குற C=O) பக்கத்து கார்பன்ல ஹைட்ரஜன் இருக்கா, அதாவது ஆல்ஃபா ஹைட்ரஜன், இருந்தா அத புடுங்கிடும், புடுங்குன எடத்துல நெகட்டிவ் சார்ஜ் வந்து அந்த கார்பன் இன்னொரு ஆல்டிஹைடோட கார்பனைல போய் தாக்கும், அவ்ளோதான் ஆல்டால். ஃபார்மால்டிஹைடு, பென்சால்டிஹைடு ரெண்டுலயும் ஆல்ஃபா ஹைட்ரஜனே கிடையாது, புடுங்க ஒண்ணும் இல்லாததால ஹைட்ராக்சைடு நேரா கார்பனைல் கார்பன்லயே போய் உக்காரும், அங்க இருந்த ஹைட்ரஜன் ஹைட்ரைடா (எலக்ட்ரான் ஜோடியோட) கெளம்பி பக்கத்து மாலிக்யூலுக்கு போயிடும், ஒண்ணு ஆசிட்டோட உப்பாகும் இன்னொண்ணு ஆல்கஹாலாகும், இதான் கேனிசாரோ. காரம் நல்லா அடர்த்தியா இருக்கணும், அதையும் கேள்வியில கவனி.

இது புரிஞ்சா அடுத்த கேள்விக்கும் பதில் தானா வந்துடும். ஃபார்மால்டிஹைடையும் பென்சால்டிஹைடையும் சேத்து வச்சா எது ஆசிட் பக்கம் போகும்? ஃபார்மால்டிஹைடு கார்பன சுத்தி கூட்டமே இல்ல, ஹைட்ராக்சைடு மொதல்ல அதத்தான் புடிக்கும், அதனால ஃபார்மேட்டும் (ஃபார்மிக் ஆசிட்டோட உப்பு) பென்சைல் ஆல்கஹாலும் கெடைக்கும். இத யாராவது மனப்பாடம் பண்ணுவாங்களா சொல்லு!

அதுக்காக மனப்பாடமே வேணாம்னு பொய் சொல்லமாட்டேன், ரீஏஜென்ட்ட (ரியாக்ஷனுக்கு சேக்குற பொருள) படிச்சுத்தான் ஆகணும், வேற வழியில்ல. ஆனா ஆளு பேர வச்சு அடுக்காத, என்ன கெடைக்குதுன்னு வச்சு அடுக்கு. ஆல்டிஹைடுன்னு ஒரு பக்கத்துல எழுது, அதுக்கு கீழ ஆசிட் குளோரைடுல இருந்து வந்தா ரோசன்மண்ட், நைட்ரைல்ல இருந்து வந்தா ஸ்டீஃபன், டொலுவீன்ல இருந்து குரோமைல் குளோரைடு போட்டு வந்தா ஈட்டார்ட், பிரைமரி ஆல்கஹால பிசிசி (பிரிடினியம் குளோரோகுரோமேட்) வச்சு மேல ஆசிட் வரைக்கும் போகாம நிறுத்துனாலும் ஆல்டிஹைடுதான். அப்புறம் கார்பன எண்ணிப் பழகு. சயனைடு போட்டா ஒரு கார்பன் கூடும், ஹாஃப்மன் புரோமமைடுல ஒண்ணு கொறையும், பாதி கன்வர்ஷன் கணக்குக்கு (ஒரு பொருள இன்னொண்ணா மாத்துற கேள்வி) இந்த எண்ணிக்கையிலேயே விடை மாட்டிடும்.

கேள்வி: ஹாலஜன எடுத்துட்டு வேற ஒண்ண வைக்கிற எஸ்என்1, எஸ்என்2 ரெண்டு வழியையும் எத வச்சு பிரிக்கிறது மேடம்?

பதில்: மொதல்ல ஹாலஜன் ஒட்டியிருக்குற கார்பன பாருங்க. டெர்ஷியரின்னா (அதுல மூணு கார்பன் ஒட்டியிருந்தா) பின்னாடி இருந்து வந்து தாக்க எடமே இல்ல, ஆனா ஹாலஜன் போனதும் வர்ற கார்போகேட்டயான் (பிளஸ் சார்ஜ் உள்ள கார்பன்) நல்லா நிக்கும், அதனால எஸ்என்1. மீத்தைல், பிரைமரின்னா (ஒரு கார்பன் ஒட்டியிருந்தா) பொதுவா எஸ்என்2, அமைப்பு தலைகீழா திரும்பும், காத்துல கொடை திரும்புற மாதிரி. ரெண்டு கார்பன் ஒட்டியிருக்குற செகண்டரிதான் தலவலி, அங்க தாக்க வர்ற நியூக்ளியோஃபைலையும் சால்வென்ட்டையும் (கரைப்பான்) பாத்துத்தான் சொல்லணும். பென்சைல், அல்லைல் ரெண்டும் பிரைமரியா இருந்தும் ரெசனன்ஸ்னால (சார்ஜ் பரவி நிக்கிறதால) எஸ்என்1லயும் போகும், கேள்வி எடுக்கறவங்களுக்கு இது ரொம்பப் பிடிச்ச எடம்.

கேள்வி: டபுள் பாண்டுல அதிக ஹைட்ரஜன் உள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன் போகும்ங்குற மார்க்கோனிகாஃப் விதி, பெராக்சைடு போட்டா மாறும்னு படிச்சேன், ஹைட்ரஜன் குளோரைடுக்கு போட்டு மார்க் போச்சு. ஏன்?

பதில்: அது ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டும்தான்ப்பா. குளோரைடுல ஹைட்ரஜன்-குளோரின் பாண்டு ரொம்ப ஸ்ட்ராங், ரேடிக்கலால (ஜோடி இல்லாத எலக்ட்ரான் உள்ள துகள்) ஹைட்ரஜன உருவ முடியாது. அயோடைடுல அயோடின் ரேடிக்கல் டபுள் பாண்டுல சேராம ஒண்ணோட ஒண்ணு சேந்து அயோடினாயிடும். புரொப்பீன எடுத்து மூணுக்கும் நீயே ஒரு தடவ போட்டுப் பாரு, பெராக்சைடு இருந்தாலும் மத்த ரெண்டுலயும் ஹாலஜன் நடு கார்பன்லதான் போய் நிக்கும்.