எந்த மெக்கார்த்தி, எந்த வில்சன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 'செயற்கை நுண்ணறிவு' என்ற சொற்றொடரைத் தந்த ஜான் மெக்கார்த்தி பெய்ரூட்டில் ஐந்து ஆண்டுகள் பிணைக்கைதியாக இருந்தவர் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடத்தியவரும் மெக்கார்த்திதான் என்கிறார்கள். எல்லாம் ஒரே ஆள்தானா?

பதில்: இல்லை, மூன்று பேர். நீங்கள் படித்த கட்டுரையாளர் முதல் இருவரைப் போட்டுக் குழப்பியிருக்கிறார்.

கணினி விஞ்ஞானி ஜான் மெக்கார்த்தி 1927இல் பாஸ்டனில் பிறந்தவர். 1956 கோடையில் டார்ட்மத் கல்லூரியில் ஓர் ஆய்வுக் கூட்டம் நடத்த நிதி கேட்டு, அதற்கு முந்தைய ஆண்டு அவரும் மார்வின் மின்ஸ்கி, நத்தானியல் ரோசெஸ்டர், கிளாட் ஷானன் ஆகியோரும் சேர்ந்து எழுதிய விண்ணப்பத்தில் இடம்பெற்ற சொற்றொடர்தான் பிறகு ஒரு துறைக்கே பெயராக நிலைத்தது. லிஸ்ப் என்ற நிரல்மொழியை 1958இல் வடிவமைத்தவரும் அவரே. 1971இல் டூரிங் விருது பெற்றார், 2011இல் காலமானார்.

பெய்ரூட்டில் அடைபட்டவர் பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்தியாளர். 1986 ஏப்ரல் 17 அன்று, ஊர் திரும்புவதற்காக விமான நிலையம் செல்லும் வழியில் கடத்தப்பட்டு, 1991 ஆகஸ்ட் 8 வரை சிறையிருந்தார். அதில் பெரும்பகுதியை பிரையன் கீனன் என்ற ஐரிஷ் ஆசிரியரோடு ஒரே அறையில் கழித்தார். அவரை விடுவித்தபோது, ஐ.நா. பொதுச்செயலாளருக்குத் தாங்கள் எழுதிய கடிதத்தைக் கடத்தல்காரர்கள் அவரிடமே கொடுத்தனுப்பினார்கள். கடத்தப்பட்ட நாளில் அவருக்கு வயது 29. கணினி மெக்கார்த்தியோ அப்போது 58 வயதுப் பேராசிரியர். வயதை ஒருமுறை சரிபார்த்திருந்தாலே அந்தக் கட்டுரை பிழைத்திருக்கும். இதில் ஒரு வேடிக்கை: டார்ட்மத் கூட்டம் நடந்த அதே 1956இல்தான் இந்தச் செய்தியாளர் பிறந்தார்.

மூன்றாமவர் ஜான் அல்லர், ஜோசப். விஸ்கான்சின் மாநில செனட்டர். அமெரிக்க வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் ஊடுருவியிருப்பதாக 1950 பிப்ரவரியில் குற்றம் சாட்டி நாடெங்கும் அறிமுகமானவர். 1954 டிசம்பரில் செனட் சபை 67க்கு 22 என்ற வாக்குக் கணக்கில் அவரைக் கண்டித்தது. குடும்பப் பெயர் மட்டும் ஒன்றாக இருப்பவர்களைப் 'பெயர் ஒற்றுமை' கணக்கில் சேர்ப்பது என்னைப் பொறுத்தவரை கொஞ்சம் தாராளம்தான். ஆனால் 'மெக்கார்த்தியிசம்' என்ற சொல் அவரால் வந்ததால், அந்தப் பெயருள்ள எவரைப் பற்றிப் பேசினாலும் இவர் நடுவில் வந்து நிற்கிறார்.

கேள்வி: அறிவியல், பத்திரிகை, அரசியல் மூன்றிலும் தடம் பதித்தவர்களைக் கொண்ட ஒரே பெயர் ஏதாவது உண்டா? குடும்பப் பெயர் போதாது, முழுப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பதில்: நிபந்தனை கடுமையாக இருந்தாலும் விடை இருக்கிறது: ஜேம்ஸ் வில்சன்.

முதலாமவர் 1742இல் ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வழக்கறிஞர். 1776இன் சுதந்திரப் பிரகடனம், 1787இன் அரசியல் சாசனம் இரண்டிலும் கையெழுத்திட்ட மிகச் சிலருள் ஒருவர். உச்ச நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகள் அறுவரிலும் ஒருவர். நிலத்தில் அளவுக்கு மீறிப் பணம் போட்டுக் கடனில் மூழ்கி, நீதிபதி பதவியில் இருந்தபோதே கடனுக்காகச் சிறை சென்று, கடன்காரர்களுக்கு ஒளிந்து திரிந்த நிலையில் 1798இல் இறந்தார் என்பது பாடநூல்கள் அவ்வளவாகச் சொல்லாத செய்தி.

இரண்டாமவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான், 1805இல் பிறந்தார். தானிய இறக்குமதிக்கு வரி விதித்த சட்டங்களை எதிர்த்தும் சுதந்திர வணிகத்தை ஆதரித்தும் எழுதுவதற்காக 1843இல் லண்டனில் 'தி எகானமிஸ்ட்' இதழைத் தொடங்கினார். பிறகு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1857 எழுச்சிக்குப் பிறகு இந்திய அரசின் நிதிநிலையைச் சீர்செய்ய அனுப்பப்பட்டு, 1860இல் இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்து, வருமான வரியையும் அறிமுகப்படுத்தி, அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் காலமானார். வரி கட்டும்போது யாரையாவது நினைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இவரை நினைக்கலாம்.

மூன்றாமவர் 1835இல், அவரும் ஸ்காட்லாந்திலேயே பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்று, அயோவா வேளாண் கல்லூரியில் பேராசிரியராகவும் அதன் ஆய்வு நிலையத்தின் தலைவராகவும் இருந்து, 1897 முதல் 1913 வரை மூன்று குடியரசுத் தலைவர்களின் கீழ் வேளாண் துறைச் செயலராகப் பணியாற்றியவர். இவரது கதையில் பெயர்க் குழப்பமே ஓர் அத்தியாயம். அதே அயோவாவிலிருந்து இன்னொரு ஜேம்ஸ் வில்சனும் நாடாளுமன்றத்துக்குப் போயிருந்ததால், இருவரையும் அவரவர் மாவட்டப் பெயரால் பிரித்து, இவரை 'டாமா ஜிம்' என்றும் அவரை 'ஜெஃபர்சன் ஜிம்' என்றும் அழைத்தார்கள்.

நான்காவதாக ஒருவரையும் சேர்க்கலாம். பிரிட்டனின் பிரதமராக இருமுறை இருந்த ஹரால்ட் வில்சனின் முழுப்பெயர் ஜேம்ஸ் ஹரால்ட் வில்சன். முதல் பெயரை அவர் புழக்கத்தில் விட்டுவிட்டதால் நம் பட்டியல் ஓரளவுக்கு அடக்கமாக இருக்கிறது.

கேள்வி: தசை சுருங்கும் விதத்தை விளக்கியவர் ஹக்ஸ்லி என்று என் மகளின் உயிரியல் புத்தகத்தில் இருக்கிறது. எந்த ஹக்ஸ்லி?

பதில்: இரண்டு ஹக்ஸ்லிகளும். பெயர் ஒற்றுமைக் கதைகளில் எனக்கு மிகப் பிடித்தது இது.

ஒருவர் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி (1917–2012); டார்வினுக்காக வாதாடிய தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியின் பேரன். மற்றவர் ஹியூ ஹக்ஸ்லி (1924–2013). அந்தக் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லாதவர். தசைநாருக்குள் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. தசை சுருங்கும்போது இந்த இழைகளின் நீளம் குறைவதில்லை, ஒன்றையொன்று உரசியபடி வழுக்கி உள்ளே நுழைகின்றன. இந்த முடிவுக்கு ஆண்ட்ரூ, ரோல்ஃப் நீடர்கெர்கேயுடன் ஒரு வழியிலும், ஹியூ, ஜீன் ஹான்சனுடன் இன்னொரு வழியிலும் தனித்தனியே வந்து சேர்ந்தார்கள். இரண்டு கட்டுரைகளும் 1954 மே மாதம் 'நேச்சர்' இதழில் ஒரே வெளியீட்டில் அடுத்தடுத்து அச்சாயின.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இருவருமே 1957இல் ஆளுக்கொரு முக்கியமான கட்டுரையைத் தசை பற்றியே எழுதினார்கள். ஆகவே ஓர் ஆய்வேட்டில் 'ஹக்ஸ்லி, 1957' என்று மட்டும் மேற்கோள் காட்டியிருந்தால், எவரைச் சொல்கிறார்கள் என்பது அந்தத் துறையில் ஊறியவருக்கே உடனே விளங்காது. முன்னெழுத்துகளைச் சேர்த்து ஏ. எஃப். ஹக்ஸ்லி, எச். இ. ஹக்ஸ்லி என்று எழுதுவதுதான் வழி. உங்கள் மகளுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள்: ஆண்ட்ரூ ஹக்ஸ்லி 1963இல் நோபல் பரிசு பெற்றது தசைக்காக அன்று, நரம்பில் மின்துடிப்பு பரவும் விதத்தை ஆராய்ந்ததற்காக.

கேள்வி: உயிரணுக்களின் 'கிரெப்ஸ் சுழற்சி'யைக் கண்டறிந்த ஹான்ஸ் கிரெப்ஸ், ஹிட்லரின் படைத்தளபதியாக இருந்தாரா? ஒரு படத்தின் அடிக்குறிப்பில் அப்படிப் பார்த்தேன்.

பதில்: இதைவிடக் கொடுமையான பெயர்ப் பிழை இருக்க முடியாது. உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரெப்ஸ் 1900இல் ஹில்டெஸ்ஹைமில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933இல் நாஜி ஆட்சி அவரை ஃப்ரைபர்க் பல்கலைக்கழகப் பணியிலிருந்து நீக்கியதால் இங்கிலாந்துக்குச் சென்று, முதலில் கேம்பிரிட்ஜிலும் பிறகு ஷெஃபீல்டிலும் பணியாற்றினார். 1937இல் அந்தச் சுழற்சியைக் கண்டறிந்தார். அதைப் பற்றி அவர் அனுப்பிய கடிதத்தை 'நேச்சர்' திருப்பி அனுப்பிவிட்டது. 1953இல் நோபல் பரிசு வந்தது.

தளபதி ஹான்ஸ் கிரெப்ஸ் வேறு. ஜெர்மன் தரைப்படைத் தலைமையகத்தின் கடைசித் தலைவரான அவர், ரஷ்ய மொழி தெரிந்தவர் என்பதால் 1945 மே 1 அன்று சோவியத் தளபதி சூய்கோவிடம் பேச்சுவார்த்தைக்கு அனுப்பப்பட்டு, அது பலிக்காமல் பெர்லின் பதுங்குகுழியில் தற்கொலை செய்துகொண்டார். போதாக்குறைக்கு மூன்றாவது ஹான்ஸ் கிரெப்ஸும் உண்டு: செக்கோஸ்லோவாக்கிய நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்து பின் நாஜிக் கட்சியில் உயர்ந்த அரசியல்வாதி, 1947இல் பிராகில் தூக்கிலிடப்பட்டார். நீங்கள் பார்த்த படம் எவருடையதாக இருந்தாலும், நாஜிகள் விரட்டியவரை நாஜியாக்கிய அந்த அடிக்குறிப்பை வெளியிட்டவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.

கேள்வி: ரோஜர் பேக்கனும் பிரான்சிஸ் பேக்கனும் தந்தை மகனா?

பதில்: முன்னவர் 13ஆம் நூற்றாண்டுத் துறவி, பின்னவர் 1561இல் பிறந்தார். அல்ல.

கேள்வி: வின்ஸ்டன் சர்ச்சில் தம் நூல்களில் 'வின்ஸ்டன் எஸ். சர்ச்சில்' என்று போட்டுக்கொண்டது ஏன்? அவரைத் தெரியாதவர்கள் உண்டா?

பதில்: 1899இல் நிலைமை தலைகீழ். அப்போது வாசகர்கள் அறிந்த வின்ஸ்டன் சர்ச்சில், 1871இல் செயின்ட் லூயிஸில் பிறந்த அமெரிக்க நாவலாசிரியர். அவரைவிட மூன்று வயது இளையவரான பிரிட்டிஷ் சர்ச்சில், போர்முனைச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்த இளம் பத்திரிகையாளர். தமக்கு வந்த பாராட்டுகள் வேறொருவரின் நாவலுக்கு உரியவை என்று தெரிந்ததும், திரு. சர்ச்சில் திரு. சர்ச்சிலுக்கு எழுதுவதாகப் படர்க்கையிலேயே ஒரு கடிதம் எழுதி, இனித் தாம் 'ஸ்பென்சர்' என்பதையும் சேர்த்துக் கையெழுத்திடுவதாக அறிவித்தார். நாவலாசிரியரும் அதே பாணியில் நன்றி சொல்லி, தமக்கும் நடுப்பெயர் ஒன்று இருந்திருந்தால் அதைப் பயன்படுத்தியிருப்பேன் என்று பதில் எழுதினார். அந்த 'ஸ்பென்சர்'தான் பிறகு 'எஸ்.' ஆகச் சுருங்கியது.

1900இன் இறுதியில் இருவரும் பாஸ்டனில் சந்தித்தார்கள். அங்கே பிரிட்டிஷ் சர்ச்சிலுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அமெரிக்கரின் முகவரிக்குப் போய்ச் சேர்ந்தன. அமெரிக்கர் அளித்த விருந்துக்கான ரசீதோ பிரிட்டிஷ்காரரிடம் வந்தது. நாவலாசிரியரும் அரசியலில் இறங்கி நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றத்துக்கு இருமுறை தேர்வானார்; 1912இல் ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார். இன்று அவர் பெயரை எழுதும்போதுதான் 'நாவலாசிரியர்' என்று அடைப்புக்குறிக்குள் போட வேண்டியிருக்கிறது.

கேள்வி: தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பம் கூடுகிறதா, குறைகிறதா?

பதில்: பெரும்பாலும் கூடுகிறது. எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சனுக்கும், வெப்பத்தை ஆராய்ந்த பெஞ்சமின் தாம்சனுக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வித்தியாசம் உண்டு. ஒலிபெயர்ப்பில் அது காணாமல் போய்விடுகிறது. அதேபோல 1990 நவம்பரில் இந்தியப் பிரதமரானவரும், அதற்கு முன் 'யங் இந்தியன்' வார இதழை நடத்தியவருமான சந்திரசேகர், ஆங்கிலத்தில் தம் பெயரை இரு சொல்லாகப் பிரித்து எழுதினார். வானியற்பியலாளர் சந்திரசேகர் ஒரே சொல்லாக எழுதினார். தமிழில் இருவரும் ஒன்றே.

முன்னெழுத்தும் சில சமயம் கைவிட்டுவிடும். எஸ். சந்திரசேகர் என்ற இயற்பியலாளர்கள் இருவர் உண்டு: வெண்குறு விண்மீன்களின் நிறைவரம்பைக் கணக்கிட்டு 1983இல் நோபல் பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர் ஒருவர், தட்டு வடிவ மூலக்கூறுகளாலான திரவப் படிகங்களை 1977இல் தம் குழுவினருடன் அறிவித்த சிவராமகிருஷ்ண சந்திரசேகர் மற்றவர். முன்னவர் சி. வி. ராமனின் அண்ணன் மகன், பின்னவர் சகோதரி மகன் என்பதால் 'ராமனின் உறவினர்' என்று சொல்லியும் பிரிக்க முடியாது. இப்படிப்பட்ட சிக்கலுக்காகத்தான் 2012 முதல் ஆர்சிட் என்ற 16 இலக்க அடையாள எண் ஆய்வாளர்களுக்கு வழங்கப்படுகிறது. பெயரை மாற்றிக்கொண்டாலும் எண் மாறாது. மறைந்தவர்களுக்கு அது உதவாது. அவர்களுக்கு நூலகங்கள் செய்வதுபோலப் பிறந்த ஆண்டைப் பெயரோடு சேர்ப்பதே நல்லது.

கேள்வி: சென்ற இதழில் 'பிராக் விதி'யைத் தந்தை வில்லியம் பிராக்கின் கண்டுபிடிப்பு என்று எழுதியிருந்தீர்கள். மகனுடையது அல்லவா?

பதில்: மகனுடையதுதான், தவறு என்னுடையது. தந்தை வில்லியம் ஹென்றி, மகன் வில்லியம் லாரன்ஸ். படிகத்தில் ஊடுகதிர்கள் தெறிக்கும் கோணத்தை அணு அடுக்குகளின் இடைவெளியோடு இணைக்கும் அந்த விதியை, கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்தபோது 1912இல் வகுத்தவர் மகன். அதைப் பயன்படுத்தி அளக்கும் கருவியை அமைத்தவர் தந்தை. 1915இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது மகனுக்கு வயது 25. பெருமையெல்லாம் தந்தைக்கே போகிறதோ என்ற மனத்தாங்கல் அவருக்கு நெடுநாள் இருந்தது. 1941இல் சர் பட்டம் கிடைத்தபோது, ஏற்கெனவே சர் வில்லியம் பிராக் ஒருவர் வீட்டில் இருந்ததால், அவர் சர் லாரன்ஸ் பிராக் என்று பெயர் வைத்துக்கொண்டார். அவ்வளவு தெளிவாக அவர் பிரித்து வைத்திருந்தும் நான் தந்தையின் பெயரையே எழுதிவிட்டேன்.