பெருவில் ஒரு மாதப் படிப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பண்பாடு, உடல்நலம், மரபு மூன்றையும் நேரில் பார்த்துப் படிக்கப் பல்கலைக்கழகங்கள் மாணவர்களைப் பெருவுக்கு அனுப்புகின்றன. அதற்குக் கிளம்புகிறவர்கள் கேட்டவை இவை.

கூஸ்கோவில் இறங்கும் அன்றே களப்பயணம் என்று அட்டவணையில் இருக்கிறது. தினமும் ஓடுகிறவன் நான். சமாளிப்பேனா?

ஓட்டப் பயிற்சிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. லிமா கடலோர நகரம். அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் உங்களைச் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலைநகரமான கூஸ்கோவில் இறக்கிவிடும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் முதல் இரவிலேயே வரலாம். அட்டவணையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இறங்கியதும் நேரே அதைவிடத் தாழ்வான உருபம்பா பள்ளத்தாக்குக்குப் போய், சுமார் 2,800 மீட்டரில் இருக்கும் ஒயந்தைதம்போவில் இரண்டு நாள் தங்குவது நல்லது. இன்காக்களின் பழைய மலைநகரமான மாச்சு பிச்சு அதைவிடத் தாழ்வு, 2,430 மீட்டர்தான். அதை முதலில் முடித்துவிட்டுக் கடைசியில் கூஸ்கோவுக்கு ஏறலாம். உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்; சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே கீழே இறங்க வேண்டும்.

ஸ்பானிஷ் கொஞ்சம் தெரியும். போதுமா?

நகரத்தில் போதும். மலைக் கிராமங்களில் போதாது. 2017 கணக்கெடுப்பில் சுமார் 38 லட்சம் பேர் அந்த மலைமக்களின் மொழியான கெச்சுவாவைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். 1975-லேயே அது ஆட்சிமொழி ஆகிவிட்டது. நன்றி சொல்ல ‘சுல்பைக்கி’ என்ற ஒரு சொல்லையாவது கற்றுக்கொண்டு போங்கள்.

நான் செவிலியர் படிப்பு மூன்றாம் ஆண்டு. அங்கே பிரசவம் பார்க்க விடுவார்களா?

விட்டாலும் பார்க்காதீர்கள். இங்கே உங்களுக்கு அனுமதியில்லாத எதையும் அங்கேயும் செய்யக் கூடாது. அந்தத் தாய் ஏழை என்பதால் விதி தளர்ந்துவிடாது. பக்கத்தில் நின்று பார்ப்பதற்கும் அவருடைய சம்மதம் வேண்டும், அதுவும் அவருடைய மொழியில் கேட்டு.

ஆனால் பார்த்துக் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆண்டிஸ் மலைக் கிராமப் பெண்கள் வெகுகாலம் ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கு வர மறுத்தார்கள். அதை அறியாமை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவே இல்லை. கயிற்றையோ கணவனின் தோளையோ பிடித்துக் குந்தியபடி, வெதுவெதுப்பான அறையில், சொந்தக்காரர்கள் சூழப் பெற்றெடுத்து வந்தவர்கள் அவர்கள். ஆஸ்பத்திரியிலோ குளிர்ந்த கட்டிலில் மல்லாந்து படுக்க வேண்டும், துணைக்கு யாரும் கிடையாது. 2005-ல் பெருவின் சுகாதார அமைச்சகம் நிமிர்ந்த நிலைப் பிரசவத்துக்கான நெறிமுறையை வெளியிட்டது. தொலைதூரக் கிராமத்துப் பெண்கள் நாள் நெருங்கியதும் வந்து தங்க, சுகாதார நிலையங்களுக்கு அருகே காத்திருப்பு இல்லங்களும் உண்டு. அப்படி ஒரு இல்லத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார வாய்ப்புக் கிடைத்தால் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். மாற வேண்டியிருந்தது அந்தப் பெண்களா, ஆஸ்பத்திரியா என்பது அங்கே விளங்கும்.

கொக்கா இலைத் தேநீர்ப் பொட்டலம் வாங்கி வரலாமா?

கூடாது. அங்கே குடிப்பது சட்டப்படி சரி. ஆனால் 1961-ஆம் ஆண்டின் சர்வதேசப் போதைப்பொருள் ஒப்பந்தம், கொக்கேன் எடுக்கப்படும் அந்த இலையையும் கட்டுப்படுத்துகிறது. ஒரு பொட்டலம்கூட விமான நிலையத்தில் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும்.

மரபு என்றால் மாச்சு பிச்சுதானே? வேறு என்ன பார்க்கலாம்?

மாச்சு பிச்சு பாருங்கள், கூடவே கூஸ்கோவின் காசா கொன்ச்சா அருங்காட்சியகத்துக்கும் போங்கள். 1911-க்குப் பிறகு அமெரிக்க ஆய்வாளர் ஹைரம் பிங்கம் மாச்சு பிச்சுவிலிருந்து கொண்டுபோன பொருட்களை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2011 முதல் திருப்பித் தந்தது. அவற்றை அங்கே காணலாம். படிப்பதற்காக எடுத்துப்போனவை திரும்பி வர நூறு ஆண்டு ஆகியிருக்கிறது. படிக்கப் போகும் நீங்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் அது.

ஜூனில் போகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அபூரிமாக் ஆற்றின் மேல் புல்லால் திரித்த கேஸ்வாச்சாகா தொங்குபாலத்தை ஆண்டுதோறும் புதிதாகக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குக் கயிற்றைத் திரித்துக் கொண்டுவரும். பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிடுவார்கள். மூன்று நாளில் புதுப்பாலம் நிற்கும். 2013-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது இந்தக் கட்டும் அறிவையும் சடங்கையும்தான். உங்கள் படிப்பு ஜூலையில் தொடங்கினால் கட்டுவதைப் பார்க்க முடியாது. ஆனால் புதுப்பாலத்தில் நடந்து பார்க்கலாம்.