‘பேத்’தும் ‘பே’யும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆலயத்தில் வேதாகமத்தின் 119ஆம் சங்கீதத்தை முறைவைத்து வாசிக்கிறோம். எட்டு வசனத்துக்கு ஒருமுறை வரும் ‘ஆலெப், பேத், கிமெல்’ போன்ற சொற்களை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். சரியான உச்சரிப்பு என்ன? வாசிக்கத்தான் வேண்டுமா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அவை 22 எபிரெய எழுத்துகளின் பெயர்கள். ஆத்திசூடி அகர வரிசையில் போவதுபோல, மூலத்தில் முதல் எட்டு வசனங்களும் ஆலெப்பில் தொடங்கும், அடுத்த எட்டும் பேத்தில். இப்படியே 176 வசனங்கள். தமிழில் அந்த வரிசை மறைந்துவிடுவதால் எழுத்தின் பெயரைத் தலைப்பாகப் போட்டிருக்கிறார்கள். பாட்டின் வரியில் அவை இல்லை. விட்டாலும் வசனம் குறையாது. வாசித்தால், தலைப்பாகச் சொல்லிச் சற்று நிறுத்தி வசனத்துக்குப் போங்கள்.

குழப்பம் பெரும்பாலும் நம் எழுத்தால் வருவது. ‘பேத்’, ‘பே’ இரண்டுக்கும் ஒரே ‘ப’. ஆனால் முன்னது ‘பஸ்’ஸின் ப, பின்னது ‘பேனா’வின் ப. (பின்னதை இழுத்துச் சொன்னால் பேய் வந்துவிடும்!) கிமெல்லில் ‘கேஸ் சிலிண்டர்’ என்பதன் க, முதல் உயிரும் நெடில், அதாவது ‘கீமெல்’. ‘கப்’ என்பதில் ‘கடல்’ க. டாலெத்தை ‘டாக்டர்’ போலச் சொல்லாமல் ‘தானம்’ போல நாவைப் பல்லில் தொட்டுச் சொல்லுங்கள். ஆலெப், கப், கோப் மூன்றும் ‘ஃப்’ என முடியும்.

சாயீனில் இரண்டு பிழை: ‘யி’ குறில், முதல் ஒலி ‘ச’வும் அல்ல, ‘ஜ’வும் அல்ல. ‘ஸ்’ஸை நீட்டிக்கொண்டே, தேனீ ரீங்கரிப்பதுபோலத் தொண்டையை அதிரவிட்டால் அது வந்துவிடும். சாமெக்கின் தொடக்கம் அதிராத ‘ஸ்’.

கடினமானது கேத். ‘எஃகு’ என்னும்போது ஆய்தத்தில் எழும் உராய்வை இன்னும் உள்ளே, அண்ணத்தின் பின்புறத்தில் எழுப்புங்கள். இஸ்ரேலில் இன்று பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறார்கள். சாமெக்கின் கடைசி ஒலியும் அதுவே. ஏமன் நாட்டு யூதர் மரபில் கேத் அரபி மொழியின் ‘ஹ’ போலத் தொண்டையில் பிறக்கும். வரவில்லையென்றால் ‘ஹேத்’ போதும், ‘க’ வேண்டாம்.

ஆயின் பழங்காலத்தில் அடித்தொண்டை மெய். இன்று இஸ்ரேலில் பலரிடம் அது ஆலெப்பைப் போலவே ஒலியற்றுப் போய்விட்டது. ஷீன் பகுதியில் ஒரு வேடிக்கை: அதே எழுத்துக்கு ‘ஸ’ ஒலியும் உண்டு. 161ஆம் வசனம் ‘ஸாரீம்’ (பிரபுக்கள்) என்றும், 165ஆம் வசனம் ‘ஷாலோம்’ என்றும் தொடங்குகின்றன.

கேள்வி: சங்கீதங்களில் வரும் ‘சேலா’, ‘அல்லேலூயா’ — அழுத்தம் எங்கே?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: ‘சேலா’வில் முதல் அசையில் (செ-லா), ‘அல்லேலூயா’வில் கடைசி அசையில் (ஹல்லெலூ-யாஹ்). எழுத்துப் பெயர்கள் ‘சேலா’வைப் போலத்தான். ஆலெப், லாமேட், சாமெக் எல்லாம் முதல் அசையில் அழுந்தும்.